கடுகண்ணாவையைத் தாண்டாத ஏழு நாவல்கள்

2025 ஜனவரி 12, ஞாயிறு

இன்று என்னைத் தேடி ஒரு வாசகி வந்தாள். முப்பத்தேழு வருஷமாக எழுதுகிறேன், இப்படி ஒரு விபத்து நடந்ததில்லை. மனைவி மங்களேஸ்வரிக்கும் நம்பிக்கை வரவில்லை. தண்ணீர் மீட்டர் பார்க்க வந்த பிள்ளை என்று நினைத்து, வாசலில் இருந்து நேரே பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். பிள்ளையும் மரியாதையாக மீட்டரைப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, நாவலாசிரியர் இராமகிருஷ்ணன் சேர்ட வீடு இதுதானே?" என்று கேட்டிருக்கிறாள்.

பெயர் றம்லத். ஊர் அக்குறணை. பேராதனையில் தமிழ் சிறப்புக் கற்கை, கடைசி வருஷம். ஆய்வுக்கு என்னை எடுத்திருக்கிறாளாம். "முன்னைய நான்கு நாவல்களிலும் பின்னைய மூன்று நாவல்களிலும் மீண்டும் மீண்டும் வரும் கருக்களும் படிமங்களும்." அவள் இதை ஒரே மூச்சில் சொன்னாள், எனக்குத்தான் மூச்சு வாங்கியது. சாதாரண தரப் பரீட்சையில் கணக்குப் பாடத்தில் மூன்று தரம் குப்புற விழுந்தவன் நான். பிலிமத்தலாவை ஹார்ட்வெயார் கடையில் முப்பத்தொரு வருஷம் ஆணியும் பைப்பும் எடுத்துக் கொடுத்தவன். என்னிடம் படிமம் இருப்பது எனக்கே புதுச்செய்தி.

மூன்றாவது நாவல் எந்த நூலகத்திலும் இல்லையாம். எங்கள் வீட்டில் ஒரு பிரதி உண்டு, குளிர்சாதனப் பெட்டியின் முன்கால் அடியில். இலக்கியத்துக்காக எடுத்துக் கொடுத்தேன். இப்போது அந்த இடத்தில் ஒரு டைல் துண்டு. நாவலைவிட டைல்தான் ஆடாமல் நிற்கிறதாம். மனைவியின் விமர்சனம்.

ஜனவரி 14, செவ்வாய்

பால் கிழக்குப் பக்கம் பொங்கியது. மகள் கிருஷாந்தியின் முகம்தான் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

ஜனவரி 15, புதன்

தெரிந்துவிட்டது. கொழும்புத் தலைமையகத்தில் இருந்து அவளுக்குக் கடிதம். காப்புறுதிக் கம்பனியின் கண்டிக் கிளையில் ஒன்பது வருஷமாக இருக்கிறாள். பதவி உயர்வு. ஏப்ரல் 28ஆம் திகதி அங்கே போய்ச் சேர வேண்டும். விருப்பமா இல்லையா, மார்ச் 31க்குள் பதில். கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். "என்னப்பா சொல்றீங்க" என்று கேட்கவில்லை. நானும் வாசிக்காத மாதிரி வாசித்தேன்.

இது நாலாவது கடிதம். 2017, 2019, 2022. மூன்று தடவையும் கடவுள் எனக்கு நெஞ்சுவலி தந்து காப்பாற்றினார்.

கடவுள் என்றால்... சரி, நாட்குறிப்பில் பொய் எழுதக்கூடாது. நானும் கொஞ்சம் உதவி செய்தேன்.

ஜனவரி 19, ஞாயிறு

றம்லத் வந்தாள். ஏழு நாவலிலும் கலர் கலராகத் துண்டு ஒட்டியிருக்கிறாள். என் புத்தகங்கள் இவ்வளவு அலங்காரமாக இருந்து நான் பார்த்ததில்லை.

"சேர், உங்கட எல்லா நாவல்லயும் ஜன்னல் மூடித்தான் ஈக்கிது. முதல் நாவல்ல பதினாறு இடம், கடைசி நாவல்ல இருபத்திரெண்டு இடம். நல்ல வெயில் நேரமும் மூடி ஈக்கிது. இதுக்கு என்ன அர்த்தம் செல்லுங்க."

அர்த்தமா? குரங்கு. உடவத்தைக் காட்டில் இருந்து புறப்பட்டால் வாழைப்பழம் எங்கே இருக்கிறது என்று கூகிளுக்கு முதல் அவைக்குத் தெரியும். அம்பிட்டியவில் வாடகைக்கு இருந்த நாளில் ஒரு தரம் முதல் நாவலின் பதினொரு பக்கங்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டன. அதற்குப் பிறகு ஜன்னல் திறக்கிற பழக்கமே எனக்கு விட்டுப்போயிற்று, நிஜத்திலும் கதையிலும்.

ஆனால் அந்தப் பிள்ளை பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்க்கிறாள். எப்படிச் சொல்வது? தாடியைத் தடவினேன். "மூடப்பட்ட ஜன்னல் என்பது மூடப்பட்ட வரலாறு, மகள்."

எழுதிக்கொண்டாள்! உள்ளே மங்களேஸ்வரி இருமினாள். ஆஸ்பத்திரியில் நாற்பது வருஷம் தாதியாக இருந்தவள், அவளுக்கு இருமல் எல்லாம் சும்மா வராது.

ஜனவரி 26, ஞாயிறு

இன்று ஒழுகும் குழாய். ஐந்து நாவலில் ஒழுகுகிறதாம். "காலத்தின் கசிவு" என்றேன். கூச்சமே இல்லாமல் வந்தது.

றம்லத் போனதும் மங்களேஸ்வரி வந்தாள். கொழும்புத்துறையில் பிறந்து கண்டிக்கு வேலைக்கு வந்து என்னிடம் மாட்டிக்கொண்டவள். முப்பத்திரண்டு வருஷமாகியும் யாழ்ப்பாணத்துப் பேச்சு மாறவில்லை. "காலத்தின்ரை கசிவோ? குசினிக் குழாய்க்கு ஒரு வோஷர் போடுங்கோ எண்டு எத்தினை வருஷமாச் சொல்லுறன். ஹார்ட்வெயார்காரன்ரை வீட்டுக் குழாய்தான் முதல்ல ஒழுகும்."

"நீ இலக்கியத்துக்குள்ள வராத."

"நானெங்க வந்தனான்? தண்ணிதான் வருகுது."

பெப்ரவரி 4, செவ்வாய்

சுதந்திர தினம், விடுமுறை. கிருஷாந்தி அலுமாரியை அடுக்கினாள். எதற்கு அடுக்குகிறாள்? கேட்கவில்லை. கடிதம் இன்னும் மேசையில்தான். அதன்மேல் சீனிப் போத்தலை வைத்திருக்கிறேன், பறக்காமல் இருக்கட்டும் என்று. மறைக்கவில்லை. கொஞ்சம் மறைகிறது.

பெப்ரவரி 9, ஞாயிறு

இன்று பெரிய குண்டு.

"சேர், நான் ஒரு விசயம் கண்டுபிடிச்சேன். ஏழு நாவல்லயும் யாரோ ஒருத்தர் கொழும்புக்குப் போகப் பயணம் வெளிக்கிடுறாங்க. ஒருத்தருமே போய்ச் சேரல்ல. ஒரு பஸ்ஸுக்கு டயர் வெடிக்கிது. ஒரு பஸ் மண்சரிவுல நிக்கிது. ஒருத்தர் குடையை மறந்துட்டேன்னு இறங்குறாரு. எல்லாமே கடுகண்ணாவைக்கு முன்னுக்கு! ஒரு ஆளும் ரோட்டு போற அந்தக் கல்லுக் குகையைத் தாண்டல்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு பயம் வந்தது. நான் இதைக் கவனித்ததே இல்லை. ஏழு புத்தகம், முப்பத்தேழு வருஷம், ஒரு ஆளைக்கூட நான் அந்தக் கடுகண்ணாவை மலை வளைவைத் தாண்ட விடவில்லையா?

உண்மைக் காரணம் கேவலமானது. அந்த வளைவில் எனக்கு வாந்தி வரும். சின்ன வயதில் புசல்லாவையில் இருந்து கண்டிக்கு வருவதற்குள்ளேயே இரண்டு பை வேண்டும். கொழும்புக்கு என் வாழ்நாளில் நாலு தரம் போயிருப்பேன். நாலு தரமும் கண்ணை மூடிக்கொண்டு. அதற்கு அங்கால் ரோட்டில் என்ன இருக்கிறது, கடை இருக்கிறதா மரம் இருக்கிறதா, தெரியாது. தெரியாததை எப்படி எழுதுவது? டயரை வெடிக்க வைப்பது சுலபம்.

"மலையக மனிதனின் தப்பிக்க முடியாத நிலை" என்றேன்.

றம்லத் எழுதவில்லை. என்னைப் பார்த்தாள். "அப்படியா சேர்?" என்றாள். அந்தக் கேள்விக்குறி எனக்குப் பிடிக்கவில்லை.

பெப்ரவரி 22, சனி

கிருஷாந்தியிடம் சாதாரணமாகக் கேட்பது போல், "கொழும்பில இப்ப டெங்கு கூடவாமே" என்றேன்.

"கண்டியிலயும் இருக்குப்பா."

"அங்க சூடு தாங்காது."

"பேன் இருக்கு."

சரி. பேச்சு முறையில் தோற்றாயிற்று. மார்ச் கடைசிக் கிழமைக்கு நெஞ்சைத் தயார்ப்படுத்த வேண்டியதுதான். முன்பு இடது கையைத்தான் பிடித்தேன் என்று ஞாபகம். மாற்றிப் பிடித்துவிடக்கூடாது.

மார்ச் 9, ஞாயிறு

நோன்பு மாதம் என்பதால் றம்லத்துக்குத் தேத்தண்ணி கொடுக்க முடியவில்லை. நான் குசினிக்குள் ஒளிந்து நின்று ஒரு கோப்பை குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். கதவடியில் கிருஷாந்தி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அதைக் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை, முட்டாள்.

றம்லத் கேட்டாள்: "சேர், இது பின்னைய மூணு நாவல்லயும் மட்டும்தான் ஈக்கிது. முன்னைய நாலுலயும் போறவங்க ஆம்புளைங்க, தடுக்கிறது ரோட்டு. பின்னைய மூணுலயும் போறது மகள். தடுக்கிறது வாப்பாட நெஞ்சுவலி. மூணுலயும் பன்னிரெண்டாம் அத்தியாயம். இது என்ன குறியீடு?"

தாடிக்குக் கையைக் கொண்டுபோனேன். அவள் சும்மா இருந்திருக்கலாம். ஐந்தாவது நாவலைத் திறந்து சத்தமாக வாசித்தாள்:

"'அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் சாய்ந்தார். மகள் கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். அது வெறும் வாயு என்பது அவருக்குத் தெரியும். மத்தியானம் தின்ற கடலைப்பருப்பு என்பதும் தெரியும். ஆனாலும் பை கீழே வந்துவிட்டதே.' நல்ல இடம் சேர் இது. வாசிக்க வாசிக்கச் சிரிப்பு. அதுக்குப் பொறகு ஒரு மாதிரி ஈக்கும்."

கதவடியில் இஸ்திரிப் பெட்டி நின்றுவிட்டது. துணி கருகும் வாசம் வந்தது. என் நீலச் சட்டை.

மார்ச் 10, திங்கள்

பின்னைய மூன்று நாவல்களையும் கிருஷாந்தி தன் அறைக்கு எடுத்துக்கொண்டு போனாள். முப்பது வயதில் முதல் தடவையாக என் மகள் என்னை வாசிக்கிறாள். எத்தனை வருஷ ஆசை. அவள் அறை வாசலில் மூன்று தரம் நடந்தேன்.

மார்ச் 12, புதன்

இரண்டாவதை வாசிக்கிறாள். சாப்பிடும்போதும் கையில் இருக்கிறது. நான் உப்புக் கேட்டேன். பக்கத்தைப் புரட்டிக்கொண்டே தள்ளிவிட்டாள்.

மார்ச் 15, சனி

கேட்டுவிட்டாள். மூன்று புத்தகத்தையும் மேசையில் வரிசையாக வைத்தாள், கோர்ட்டில் வைப்பது மாதிரி.

"இது 2018ல வந்தது. எனக்கு முதல் லெட்டர் 2017ல. இது 2020. ரெண்டாவது லெட்டர் 2019. இது 2023. சொல்லணுமா?"

"கதைதானேம்மா அது."

"கடலைப்பருப்பும் கதையா? அன்னிக்குப் பருப்பு ஆக்கினது நான்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், சமமாகப் போயிருக்கும்.

"பொய் சொன்னதுகூடப் பரவாயில்லப்பா. முந்நூறு பிரதி அடிச்சு ஊருக்கெல்லாம் உண்மையச் சொல்லிட்டீங்க. எனக்கு மட்டும்தான் சொல்லல."

உண்மைதானே. வீட்டில் யாரும் வாசிக்க மாட்டார்கள் என்ற தைரியம். எந்தத் திருடன் வாக்குமூலத்தை அச்சடித்து அட்டைப்படம் போட்டு வெளியீட்டு விழா வைப்பான்? நான் வைத்தேன். மூன்று தரம். மகள்தான் வந்தவர்களுக்கு வடை கொடுத்தாள்.

பிறகு சீனிப் போத்தலைத் தூக்கிக் கடிதத்தை எடுத்தாள். அதற்குப் பின்னால் இன்னொரு தாள். அவளுடைய பதில். விருப்பமில்லை என்று எழுதிக் கையெழுத்தும் வைத்திருக்கிறாள். திகதி ஜனவரி 20.

"இந்தத் தடவை உங்களுக்கு நெஞ்சப் பிடிக்கிற சிரமம் வேணாம்னு முன்னாடியே எழுதிட்டேன். அனுப்பத்தான் மனசு வரல. இப்ப அனுப்பிடுறேன். போய் என்னத்தக் கிழிக்கப் போறேன்."

என்னத்த எழுதறது இதுக்கு மேல. நான் கொஞ்சங்கூட... எனக்குத் தெரியாமலே பாப்பா எழுதி வச்சிருக்கா. நான் இங்க உக்காந்து இடது கையா வலது கையான்னு பாத்துக்கிட்டு இருந்திருக்கேன். வெக்கமா இல்லியா ராமகிருஷ்ணா உனக்கு?

மார்ச் 16, ஞாயிறு

காலையில் மங்களேஸ்வரியிடம் சொன்னேன், மூன்று தரமும் நடிப்புத்தான் என்று. அவள் வெங்காயத்தை விட்டுத் தலையை நிமிர்த்தவில்லை.

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"அண்டைக்கே தெரியும். நாப்பது வருஷம் வார்ட்டில நிண்டனான். வாயுவையும் மாரடைப்பையும் எனக்கு வித்தியாசம் தெரியாதோ? வேர்க்கேல்லை, நாடி குதிரை மாதிரி ஓடுது. ரெண்டாந்தரம் கையையும் மாத்திப் பிடிச்சனீங்கள்."

"ஏன் சொல்லல?"

வெங்காயத்தை இன்னும் சின்னதாக வெட்டினாள். "அவள் போறது எனக்கும் விருப்பமில்லை. நீங்கள் நடிச்சியள், நான் பிரஷர் பார்த்தன். ரெண்டு பேருமாத்தான் செய்தனாங்கள்."

கண்ணைத் துடைத்தாள். வெங்காயம்தான் என்று எழுதிவைக்கிறேன்.

மார்ச் 23, ஞாயிறு

கிருஷாந்தி அந்தத் தாளை இன்னும் அனுப்பவில்லை. என்னுடன் பேசவும் இல்லை. "சோறு" என்கிறாள், "தண்ணி" என்கிறாள். நாவல் தலைப்புகள் போல.

றம்லத் வந்ததும் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். ஜன்னல் என்றால் குரங்கு, கசிவு என்றால் வோஷர், தப்பிக்க முடியாத நிலை என்றால் வாந்தி. "என்னை நம்பி எழுதி உன் பட்டம் போய்விடக்கூடாது, மகள்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு கணினியைத் திருப்பிக் காட்டினாள். மூன்றாம் இயல், அடிக்குறிப்பு ஏழு: 'தன் படைப்புகள் பற்றி ஆசிரியர் தரும் விளக்கங்களை ஆதாரமாகக் கொள்ள முடியவில்லை.' திகதியைப் பார்த்தேன். ஜனவரி!

"மொத நாளே தெரியும் சேர். நீங்க பொய் செல்லக்குள்ள தாடியைத் தடவுறீங்க. வோஷர் கதை ஆன்ட்டி செல்லிட்டாங்க." பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "ஆனா சேர், குரங்குக்காக ஜன்னலை மூடினீங்க, சரி. பதினாறு இடம் எப்படி இருபத்திரெண்டு ஆச்சு? வாந்திக்காகப் பஸ்ஸை நிப்பாட்டினீங்க, சரி. பஸ் ஓட்டத்தான் ரோட்டுத் தெரியணும். மகள் வீட்டை உட்டே போகல்லயே, அவளையும் ஏன் சேர் நிப்பாட்டினீங்க?"

தாடிக்குக் கை போகவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

கொழும்புக்குப் போய் வந்தேன்.

மங்களேஸ்வரிக்கு மட்டும் சொன்னேன். அவள் வாந்திக் குளிசையும் ஐந்து பையும் தேசிக்காயும் தந்து, அங்கே வெள்ளவத்தையில் இருக்கும் தன் ஒன்றுவிட்ட தங்கை கோசலாவின் இலக்கத்தையும் எழுதித் தந்தாள். காலை ஐந்தரைக்கு ஏறினேன். கண்ணை மூடவில்லை. கடுகண்ணாவை வளைவில் முதலாவது பை. நான்காவது நாவலில் டயர் வெடித்த அதே இடம் என்று நினைக்கிறேன். நினைத்ததும் இரண்டாவது பை.

கொண்டக்டர் பொடியன் நான் தமிழ் என்று கண்டுகொண்டான். "ஐயா, கர்ப்பமா?" என்றான். பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், மூன்றாவது பைக்குள்.

மாவனல்லை, கேகாலை. அப்புறம் வறக்காபொலையைத் தாண்டினால் ரோட்டு சும்மா நேராகப் போகிறது! வயல் இருக்கிறது. முந்திரிகைப் பருப்பு விற்கும் பெண்கள் கலர் உடுப்பில் நிற்கிறார்கள். முப்பத்தேழு வருஷம் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

கோசலாவின் வீட்டு மேல்மாடியில் அறை. சின்னதுதான். பார்த்தால் ரயில் பாதை, அதற்கு அங்கால் கடல். கட்டிலைத் தட்டிப் பார்த்தேன், கதவுப் பூட்டை இரண்டு தரம் பூட்டித் திறந்தேன். பூட்டு நல்ல பூட்டு, எனக்குத் தெரியும். "குரங்கு வருமா?" என்று கேட்டேன். கோசலா என்னை விசித்திரமாகப் பார்த்து, "இல்லை அத்தான், காகம்தான் வரும்" என்றாள்.

பொழுதுபடும்போது திரும்பி வந்தேன். கிருஷாந்தி வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"எங்க போனீங்க? முகம் வெளிறிக் கிடக்கு."

"வெள்ளவத்தையில ஒரு அறை பாத்துட்டு வந்தேன்."

"யாருக்கு?"

"உனக்கு. பூட்டு நல்லா இருக்கு. தண்ணியும் நல்லா வருது."

ஒரு சப்பாத்தோடு அப்படியே நின்றாள். "பஸ்லயா போனீங்க? நீங்களா?"

"அஞ்சு பை. உங்கம்மா சரியாத்தான் கணக்குப் போட்டா."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "நெஞ்சு எப்படி?" என்று கேட்டாள். குத்தலாகத்தான்.

"நெஞ்சு நல்லா இருக்கு. எப்பவுமே நல்லாத்தான் இருந்துச்சு. நீ போகாம இருந்தாத்தான் இனிமே வலிக்கும். இது பருப்பு இல்ல."

உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்தினாள். ஆனால் மெதுவாகச் சாத்தினாள்.

மார்ச் 31, திங்கள்

பெருநாள். றம்லத் வட்டிலப்பம் அனுப்பியிருந்தாள். கிருஷாந்தி இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, கழுவாத கையால் போனை எடுத்து, விருப்பம் என்று பதில் அனுப்பினாள். என்னிடம் காட்டினாள். "எழுத்துப்பிழை இருக்கா பாருங்க." இருந்தது, ஒன்று. திருத்தினேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

தலதா கண்காட்சி. புத்தரின் புனிதப் பல்லைப் பார்க்க மழையென்று பாராமல் சனம் வரிசையில் நிற்கிறது, கட்டுகஸ்தோட்டை வரைக்கும் என்கிறார்கள். நாடே கண்டிக்கு வருகிறது; என் மகள் ஒருத்திதான் கண்டியை விட்டுப் போகிறாள்.

ரோட்டெல்லாம் மூடியிருந்தால் சனிக்கிழமை பஸ் ஓடாதோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஒரு நிமிஷம்தான்.

ஏப்ரல் 26, சனி

போய்விட்டாள். பஸ் ஓடியது.

காலையில் எனக்கு நிஜமாகவே நெஞ்சுக்குள் அடைத்தது. இரவு கொண்டைக்கடலை. இத்தனை வருஷம் கூப்பிட்டும் ஒழுங்காக வராதது, இன்றைக்குப் பார்த்து! வாயைத் திறக்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு சிரித்த முகமாக நடந்தேன். மங்களேஸ்வரி ஒரு பார்வை பார்த்தாள், நாடியைக்கூடப் பிடிக்கவில்லை; இஞ்சித் துண்டொன்றைக் கைக்குள் வைத்தாள். மென்றுகொண்டே கையசைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. நல்ல காரமான இஞ்சி.

"அப்பா, அழறீங்களா?" என்று ஜன்னலால் கேட்டாள்.

"இஞ்சிம்மா."

"எட்டாவது நாவல்ல இதையும் போட்டுறாதீங்க!"

பஸ் வெளிக்கிட்டதால் பதில் சொல்ல முடியவில்லை.

மே 4, ஞாயிறு

றம்லத் ஆய்வைக் கொடுத்துவிட்டாள். முடிவுரையின் கடைசி வசனத்தைப் போனில் வாசித்துக் காட்டினாள்: 'இவரது பாத்திரங்களைத் தடுத்தவை வழியில் இருந்தவை அல்ல, வாசலில் இருந்தவை.' தன் வாப்பாவுக்கும் அதை வாசித்துக் காட்டினாளாம். அவர் மேற்படிப்புக்கு எங்கே விண்ணப்பிக்கப் போகிறாய் என்று கேட்டாராம்.

மே 8, வியாழன்

காலை ஏழேகாலுக்கு கிருஷாந்தி எடுத்தாள். பாண் சரியில்லையாம். கோசலா சித்தி நல்லவள்தானாம், ஆனால் ஆறு மணிக்கே தேவாரம் போடுகிறாளாம். மேலதிகாரி ஒரு சிடுமூஞ்சியாம். எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னாள். நான் கடல் எப்படி என்று கேட்டேன். "பாக்க நேரமில்லப்பா" என்றாள். பின்னால் ஹோர்ன் சத்தம், யாரோ கத்தும் சத்தம். "அப்பா, பஸ் வந்துருச்சு. அப்புறம் எடுக்கிறேன்." வைத்துவிட்டாள்.

மங்களேஸ்வரி சம்பலோடு நின்றாள். "என்னவாம்?"

"பஸ் வந்துருச்சாம்."

"பிறகு?"

"ஏறிட்டா."

அவள் என் தட்டில் சம்பலை வைத்தாள். நான் சாப்பிட்டேன்.